ஏட்டில் இல்லாத உழத்தி

உழவர் யார்? எளிய கேள்விதான். பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும் பட்டென்று பதில் கூறுவான். தலையிலே முண்டாசு, தோளிலே கலப்பை, பக்கத்திலே இரண்டு காளைகள். பாடநூலிலே கண்ட அந்த உருவத்தை நம் முன் நிறுத்துவான். படத்திலே பெண் ஒருத்தி இருந்தால், கஞ்சிக் கலயத்தைச் சுமந்து வரப்பின்மீது நடந்து வருவாள். உழைப்பவன் அவன், உணவு கொண்டு வருபவள் அவள்! ஓவியன் தீட்டிய அந்தப் பொய்யைத்தான் வருவாய்த்துறை ஏடும், கூட்டுறவு வங்கியும், கொள்முதல் நிலையமும் மெய்யெனக் கொண்டு கணக்கெழுதி வருகின்றன என்கிறோம் நாம்.

தமிழ்மொழி இந்தத் தவற்றைச் செய்யவில்லை. மருதநில மக்களைக் குறிக்கையில் உழவர் என்று கூறியதோடு நில்லாமல், உழத்தியர் என்றும் பெயர் வகுத்தது. அந்நாளில் எல்லாம் செம்மையாக இருந்தது என்று பெருமை பேச இதனைக் கூறவில்லை. சொல் இருந்ததனாலேயே சொத்தும் இருந்ததாகிவிடாது. ஆயினும், தொழிலைக் கொண்டு பெண்ணுக்குப் பெயரிட முடியும் என்ற நேர்மையேனும் அச்சொல்லிலே இருந்தது. இன்று அது அகராதியிலே உறங்குகிறது. நிலத்தையே நல்லாள் என்று பெண்ணாக உருவகம் செய்தார் வள்ளுவர். பூமாதேவி என்று பூசை போட்டனர் பின்வந்தோர். நிலம் பெண்ணாம்! நிலத்துக்குரியவர் மட்டும் ஆண்!

உழவின் அடையாளம் ஏர் என்றனர். அந்த ஏரைப் பெண் தொடலாகாது என்றும் விதித்தனர். இந்தியத் துணைக்கண்டத்தின் பல பகுதிகளில் இத்தடை நெடுங்காலம் நிலவிற்று. மீறினால் மழை பொய்க்கும், தீங்கு விளையும் என்று அச்சுறுத்தினர். வேடிக்கையைக் கேளுங்கள். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் மழை பொய்த்த ஆண்டுகளில், நள்ளிரவிலே பெண்களைக் கொண்டே வயலை உழச்செய்யும் சடங்கு நடந்ததாக நாளேடுகளில் செய்தி வந்ததுண்டு. பகலிலே தொட்டால் பாவம். இருளிலே தொட்டால் மழை! எந்தப் பகுத்தறிவுக்குப் பொருந்தும் இது? இன்றோ பெரும்பாலான ஊர்களில் காளையும் இல்லை, கலப்பையும் இல்லை, டிராக்டர் உழுகிறது. ஏர் பிடிக்காத ஆண் உழவனாகவே இருக்கிறான். ஏர் பிடிக்காததனால் பெண் மட்டும் உழவர் அல்லள் ஆகிவிட்டாள். ஏர் போயிற்று, தடை போகவில்லை.

காவிரிப் பாசனப் பகுதியிலே ஒரு மூட்டை நெல்லைப் பின்தொடர்ந்து செல்வோம், வாருங்கள்.

சேற்றிலே கால் புதைய, முதுகு வில்லாக வளைய, காலைமுதல் உச்சிவேளை வரை பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து நாற்று நடுபவர்கள் பெண்கள். களை பறிப்பவர்கள் பெண்கள். அரிவாள் பிடித்து அறுத்தவர்களிலும் அவர்கள் பெருந்தொகையினர். அறுவடை இயந்திரம் வந்ததும் அந்தக் கூலி போயிற்று, இயந்திரத்தின் இருக்கையிலே ஆண் அமர்ந்தான். நெல்லிலே ஈரம் 17 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். மழைக்காலங்களில் மத்திய அரசு சிறிது தளர்த்துவதுண்டு. ஆகவே சாலையோரத்திலே நெல்லைப் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். வானத்தை ஒரு கண்ணும் நெல்லை ஒரு கண்ணுமாகப் பார்த்து நிற்பவள் யார்? அவளேதான்.

நெல் காய்ந்தது, மூட்டை எழுந்தது, கொள்முதல் நிலையத்தின் வாயிலுக்கு வந்தது. அங்கே கேட்கப்படுவது என்ன? சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம். எவர் பெயரில் காகிதமோ அவர் பெயரில் நெல். எவர் பெயரில் நெல்லோ அவர் கணக்கில் பணம். நாற்றங்காலிலிருந்து சாக்கின் வாயைத் தைப்பதுவரை அவள் கை. சிட்டாவிலிருந்து வங்கிக் கணக்குவரை அவன் பெயர்!

பெயர் என்ன பெரிய பொருளா என்று கேட்போர் உண்டு. பெயரின்றிப் பயிர்க்கடன் பெறுவது எளிதன்று. பயிர்க்காப்பீடு கிடைப்பதும் அவ்வாறே. 2019இல் தொடங்கிய பிரதமரின் உழவர் நிதியுதவியான ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நிலம் எவர் பெயரில் உள்ளதோ அவர் கணக்குக்கே செல்லும். 2017-18ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆய்வின்படி, ஊர்ப்புறத்திலே வேலை செய்யும் பெண்கள் 100 பேரில் 73 பேர் வேளாண்மையில் இருந்தனர். ஆண்களில் 55 பேரே. ஆனால் 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பிலே, சாகுபடி நிலவுடைமைகள் 100இல் பெண்கள் நடத்தியவை ஏறத்தாழ 14. பரப்பிலே அவர்களது பங்கு 12 விழுக்காட்டுக்கும் குறைவு. சாவிலும் இதே கணக்குத்தான். பட்டா இல்லாத பெண் கடன்சுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டால், அது உழவர் தற்கொலை என்று எண்ணப்படுவதில்லை என்பதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பலமுறை எழுதிக்காட்டியிருக்கிறார். வாழ்ந்தபோது உழவர் அல்லள், மாண்டபோதும் அல்லள்!

இதற்கு மறுப்புரை கூறுவோர், குடும்பம் என்ற கேடயத்தைத் தூக்கி வருகின்றனர். "கணவன் பெயரில் இருந்தால் என்ன, மனைவி பெயரில் இருந்தால் என்ன? இரண்டும் ஒன்றுதானே! இல்லறத்திலே கணக்குப் பார்க்கலாமா?" என்று குழைகின்றனர். நன்று, ஐயா! இரண்டும் ஒன்றுதான் என்று நெஞ்சார நம்பினால், நாளையே மனைவி பெயருக்கு மாற்றி எழுதுங்களேன். ஒன்றே என்றால் இழப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் அந்தப் பேச்சை எடுத்ததும் முகம் கறுப்பானேன்? பங்காளிகளைக் கூட்டுவானேன்? இரண்டும் ஒன்றல்ல என்பது அவர்களுக்கே தெரியும். இல்லறத்தின் ஒற்றுமையை நாம் இகழவில்லை. ஒருவருடைய கையெழுத்தால் மட்டுமே நிற்கும் ஒற்றுமையை ஒற்றுமை என்று ஒப்ப மறுக்கிறோம், அவ்வளவே.

நம் பக்கம் நிற்போரிலும் ஒரு சாரார் வேறொரு வாதம் கூறுவர். ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கையிலே, ஆண்களுக்குக் கிடைக்கும் இடுபொருளும் கடனும் பெண்களுக்கும் கிடைத்தால் அவர்கள் நிலத்தின் விளைச்சல் 20 முதல் 30 விழுக்காடு உயரலாம் என்று கணித்தது. நல்ல செய்தி, மகிழ்கிறோம். ஆயினும் உரிமைக்கு அதை அடிப்படையாகக் கொள்ள நாம் இசையோம். ஒரு மரக்கால் நெல்கூட மிகுதியாக விளையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உரிமை வேண்டாமா? விளைச்சலைக் காட்டித்தான் நிலம் பெறவேண்டும் என்று எந்த ஆணிடமாவது கேட்டதுண்டா? தரிசாகப் போட்டுவிட்டுப் பட்டணத்திலே வாழ்பவனும் பட்டாதாரன்தானே!

பட்டா இல்லாதவரையும் உழவராக ஏற்க வழி இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் தேசிய உழவர் கொள்கை, கூலியாளையும் குத்தகையாளரையும் உழவர் என்ற சொல்லுக்குள் அடக்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் பெண் உழவர் உரிமைக்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். ஊராட்சியே பெண்ணுக்கு உழவர் சான்றிதழ் வழங்கலாம் என்றது அது. 2013இல் அவருடைய பதவிக்காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதியாயிற்று. ஐக்கிய நாடுகள் அவையோ 2026ஆம் ஆண்டைப் பெண் உழவருக்கான உலக ஆண்டு என்று அறிவித்தது. ஆண்டு கிடைத்தது, சான்றிதழ் கிடைக்கவில்லை.

அடியோடு நிலமே இல்லாத உழத்தியை மறந்துவிட்டுப் பேசினால் இப்பேச்சு பாதியாகிவிடும். சேரியிலே வாழ்பவளுக்கு அண்ணனிடம் கேட்டு வாங்கப் பங்கு ஏது? கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் விளைவாக 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. அந்தக் கொடுமைக்குப் பின் அப்பகுதியில் பணியாற்றச் சென்ற கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1981இல் தொடங்கிய 'லாப்டி' இயக்கத்தின் வழியே பண்ணையார்களிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று, பல்லாயிரம் ஏக்கரை நிலமற்ற குடும்பங்களுக்கு வாங்கித் தந்தார். பெண்கள் பெயரிலேயே பதிவு செய்வித்தார். அவர் சர்வோதய நெறியினர். நம் வழி வேறு. ஆயினும் பத்திரத்திலே யார் பெயர் எழுதவேண்டும் என்பதை அவர் சரியாக அறிந்திருந்தார்.

நிலமுள்ள வீட்டுப் பெண்ணுக்கோ சட்டம் துணை நிற்கிறது. 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது சிரித்தவர் பலர். 60 ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழ்நாடு அதனைச் சட்டமாக்கிற்று. அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் மணமானோரை மட்டும் அது விலக்கி வைத்தது. 2005இல் மத்தியச் சட்டம் இந்துக் குடும்பத்து மகளுக்கு மகனோடொத்த பங்கைத் தந்தது. பிறப்பாலேயே அவ்வுரிமை உண்டு, தந்தை உயிரோடு இருந்தாரா என்ற கேள்வி தடையன்று என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பிறகு ஏன் சிட்டாவிலே தங்கை பெயர் இல்லை? சார்பதிவாளர் அலுவலகத்திலே அதற்கொரு காகிதம் இருக்கிறது. தன் பங்கை உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்துப் பெண் கையொப்பமிடும் அந்தக் காகிதத்தின் பெயர், விடுதலைப் பத்திரம்! எத்தனை அழகான சொல்லை எத்தகைய செயலுக்குச் சூட்டினர், பாருங்கள். யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை? "சீர் செய்தோம், நகை போட்டோம், இனி அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாமா?" என்று கேட்டு வாங்கப்படும் கையெழுத்து அது. அன்பின் பெயரால் வருவதனாலேயே அவளால் மறுக்க முடியவில்லை.

மேடையிலே பெண்ணுரிமை முழங்கும் இளந்தோழர்களே, அந்தக் காகிதம் உங்கள் வீட்டுக்கும் வரும். பத்திரம் எழுதுபவர் வருவார். தங்கை பேருந்தேறி வருவாள். பெரியவர்கள் திண்ணையிலே அமர்ந்திருப்பார்கள். பேனாவை அவள் கையிலே தருமுன், அந்த எழுத்தரைத் திருப்பி அனுப்புங்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலே அவள் பெயரையும் சேர்த்துக் கூட்டுப்பட்டா கோரி மனுக்கொடுங்கள். அடுத்த போகத்து நெல் கொள்முதலுக்குப் போகும்போது, அவளுடைய வங்கிக் கணக்குப் புத்தகமும் கூடவே போகட்டும்.