இடது பக்கம்

3,000 ரூபாய் கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்கினேன். சின்னமனூரில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை எனக்கு. நகைச்சீட்டு, தம்பியின் கல்லூரிக் கட்டணம், மளிகை எல்லாம் போக, எனக்கென்று நானே வாங்கிய முதல் விலையுள்ள பொருள் அதுதான். முதல் வாரம் பாட்டுக் கேட்டதைவிட அதைச் சோதித்துப் பார்த்ததுதான் அதிகம். மடக்கும்போது கிறீச்சென்கிறதே, கீல் விட்டுப்போகுமோ. காதில் படும் மெத்தை வியர்வையில் உரிந்துவிடுமோ. இடது பக்கம் கொஞ்சம் மந்தமாகக் கேட்கிறதா, இல்லை என் பிரமையா. மேல்பட்டையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட நான் உரிக்கவில்லை.

தனக்கென்று ஒன்று வாங்கிய பெண்களுக்கு இந்தப் பதற்றம் தெரிந்திருக்கும். பொருள் கெட்டுவிடுமே என்பது பாதிதான். கெட்டுப்போனால், "இவளுக்கு எதுக்கு இது" என்று கேட்கக் காத்திருக்கும் வாய்களுக்கு நாமே பதில் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தம்பி பைக்கை வாய்க்காலுக்குள் விட்டபோது ரோடு சரியில்லை என்றார்கள். நான் மிக்ஸி ஜாரை உடைத்தபோது என் கை சரியில்லை என்றார்கள்.

அம்மா மார்க்கையன்கோட்டை வயல்களில் 40 வருஷம் நடவு நட்டவள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்து நாற்றங்கால் தயாரானால் அவளை வீட்டில் பிடிக்க முடியாது. ஹெட்போன் விலையைக் கேட்டதும், "என் நடவுக்கூலியில எத்தன நாளுத்தா?" என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்து, "எனக்கும் மாட்டி விடு, கேட்டுப் பாக்குறேன்" என்றாள். கையைத் துடைத்தாளா என்று பார்த்தேன். எழுதவே கூசுகிறது.

'ப்ரியா' படப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டேன். பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா 1978-ல் ஸ்டீரியோ முறையில் பதிவு செய்த பாடல்கள் அவை. ஒரு வாத்தியம் இடது காதுக்குள், இன்னொன்று வலது காதுக்குள் என்று பிரித்து வைக்கும் வித்தை அது. அம்மா அதிசயிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அரை நிமிஷத்தில் கழற்றிவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"ஏத்தா, இந்தப் பக்கம் சத்தமே வரலையே. எதையும் அமுக்கிட்டேனா?"

"என்னம்மா பண்ணின?"

என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். வாங்கி நான் மாட்டினேன். இரண்டு பக்கமும் கேட்டது. அவளுக்கு மாட்டினேன். இடதில் கேட்கவில்லை. திருப்பிப்போட்டு, வலதை இடதாக்கி மாட்டினேன். அப்போதும் இடது காதில்தான் கேட்கவில்லை. ஹெட்போன் நன்றாகத்தான் இருந்தது.

"அது ஒண்ணுமில்லத்தா. உங்கப்பாரு ஒருவாட்டி ஓங்கி அறைஞ்சாரு. நீ அப்பக் கைப்பிள்ள. அன்னைலருந்து அந்தக் காது அப்பிடித்தான்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "அப்பப் பொருளுக்கு ஒண்ணும் ஆகலைல?"

அதன்பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நடவு வரிசையில் அவள் எப்போதும் இடது ஓரத்தில்தான் நிற்பாள். மற்றவர்கள் பேச்செல்லாம் வலது பக்கமிருந்து வரும். போனை வலது காதில்தான் வைப்பாள். இரவில் இடது பக்கமாகவே ஒருக்களித்துப் படுப்பாள். நல்ல காது மேலே இருந்தால்தானே பிள்ளை அழுவது கேட்கும். இத்தனை வருஷமும் ஒரே வீட்டில் இருந்து நான் இதைக் கவனிக்கவில்லை. ஹெட்போனின் இடது பக்கம் மந்தமாக இருப்பதாக ஒரே வாரத்தில் எனக்குத் தோன்றிவிட்டது.

1860-ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு எவையெல்லாம் கொடுங்காயம் என்று வரிசைப்படுத்துகிறது. ஒரு காதின் கேட்கும் திறனை நிரந்தரமாகப் போக்குவதும் அதில் உண்டு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது அப்படியே இருக்கிறது. அம்மாவின் பாட்டி பிறப்பதற்கு முன்பே அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அதன் பெயர் "அப்பிடித்தான்".

சேதம் என்று எதைச் சொல்கிறோம்? பொருளுக்கு பில் இருக்கிறது, ஒரு வருஷ வாரண்டி இருக்கிறது, கெட்டால் கேட்க உரிமை இருக்கிறது. அதனால் அது கெட்டதும் கண்ணுக்குத் தெரிகிறது. அம்மாவின் காதுக்கு பில் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சத்தம் வராதபோது எங்கள் இருவருக்கும் முதல் சந்தேகம் பொருள்மேல், அடுத்த சந்தேகம் அவள் கைமேல் போனதே, அதைத்தான் சொல்கிறேன். அவளுக்கு என்ன செய்யப்பட்டது என்ற கேள்வி வரிசையிலேயே இல்லை. அறைந்தவர் நாற்காலியில் அமர்ந்திருந்த வீட்டில் அந்தக் கேள்வி வராதது புரிகிறது. அவர் போட்டோவாகி 9 வருஷம் ஆன பிறகும் வரவில்லை.

அப்பா எனக்குப் பிரியமானவர். சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து ஆற்றுக்குக் கூட்டிப்போனவர். அவரை மன்னிப்பதா வேண்டாமா என்பது அம்மாவின் விஷயம். அவள் சார்பில் நான் மன்னித்துவிட முடியாது. ஆனால் கணக்கெழுதுகிறவள் நான். நடந்ததை ஏட்டில் ஏற்றாமல் விட்டால் அது தள்ளுபடி ஆகிவிடாது.

தேனியில் காட்டினோம். செவிப்பறையில் பழைய ஓட்டை, உள்காதிலும் பாதிப்பு என்றார் டாக்டர். உள்காதில் ஒலியை வாங்குகிற மெல்லிய மயிர்ச்செல்கள் மனிதர்களுக்கு ஒருமுறை போனால் திரும்ப முளைக்காது, பறவைகளுக்கு முளைக்கும். வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்பக் கோழியாப் பெறந்துருக்கலாம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் அமைப்புகளுக்குள் தேடினால் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் இடமும் வலமும் கலந்து இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக வரும். ஒலித்தரம் பார்த்து வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பிரித்து வைத்த வாத்தியங்களை ஒரே இடத்தில் கொட்டுவது அல்லவா. எனக்கும் கேட்கத் தட்டையாகத்தான் இருந்தது. அதே பாட்டை அம்மாவுக்குப் போட்டுவிட்டேன். "இப்பத்தான் முழுசா வருது" என்றாள். தரமான ஒலி எது என்று அன்று யாராவது கேட்டிருந்தால் எந்தக் காதுக்கு என்று திருப்பிக் கேட்டிருப்பேன்.

இப்போது என் கவலை அந்த இன்னொரு காதுமேல். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல் வரை போகலாம், 90-க்குப் போனால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனில் சத்தத்துக்கு வரம்பு வைத்திருக்கிறேன். "ஊருக்கே கேக்குற மாதிரி ஸ்பீக்கர் கட்டுறானுக, எனக்கு மட்டும் அளவு" என்று திட்டிக்கொண்டே கேட்கிறாள்.

பிளாஸ்டிக் தாளை அவள்தான் உரித்துப் போட்டாள். முடியில் ஒட்டி இழுக்கிறதாம்.