காராங்கூனிக்காரரும் பால்வெளியும்

சிங்கப்பூரில் நான் வளர்ந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலைகளில் ஒரு ஹார்ன் ஒலிக்கும். ரப்பர் பந்தை அமுக்கி ஊதும் பழைய ஹார்ன். பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தம். அம்மா கட்டிவைத்த செய்தித்தாள்களை எடுத்துக்கொடுப்பார். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி சுற்றாத மின்விசிறியைக் கொண்டுவந்து வைப்பார். மலாயில் காராங்கூனி என்ற சொல்லுக்குச் சாக்குப்பை என்று பொருள். 'கூனி'க்குள் நம் 'கோணி' உட்கார்ந்திருப்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

'ஸ்டார் வார்ஸ்' படத்தை முதன்முதலில் வீடியோ கேசட்டில் பார்த்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. பாலைவனத்தில் துருப்பிடித்த பிரம்மாண்டமான வண்டி ஒன்று ஊர்ந்து வருகிறது. அதிலிருந்து முக்காடிட்ட குட்டி மனிதர்கள் இறங்கி, பழுதான எந்திரங்களை வரிசையாக நிறுத்தி விலை பேசுகிறார்கள். ஜாவாக்கள் என்பது அவர்களின் பெயர். எனக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. "காராங்கூனி!" என்று கத்தினேன். எங்கோ வெகுதொலைவில் இருக்கும் அந்தப் பால்வெளிக்குள் எனக்கு வாசல் திறந்தது அந்தக் கணத்தில்தான். வாளும் விண்கலப் போரும் பிறகுதான் வந்தன.

1977-ல் வந்த அந்தப் படத்தில் பேரரசும் இளவரசியும் உண்டு. ஆனால் கதை அவர்களைப் பின்தொடர்ந்து போவதில்லை. தப்பியோடும் இரண்டு எந்திர ஏவலர்களோடு அது மணலில் இறங்குகிறது. அகிரா குரோசவாவின் 'மறைந்த கோட்டை' என்ற 1958-ம் ஆண்டுப் படத்தில், இரண்டு ஏழைக் குடியானவர்களின் கண்வழியே போரைக் காட்டிய முறைதான் தனக்கு வழிகாட்டியது என்று ஜார்ஜ் லூக்கஸ் சொல்லியிருக்கிறார். அந்தக் குடியானவர்கள்தான் இங்கே ஆர்டூ-டிடூவும் சி-த்ரீபிஓவும். ஜாவாக்களிடம் கதைநாயகன் லூக்கின் மாமா முதலில் வாங்குவது ஆர்டூவை அல்ல, வேறொரு சிவப்பு எந்திரத்தை. நாலடி நகர்வதற்குள் அது புகை கக்கி நின்றுவிட, அதற்கு மாற்றாகத்தான் ஆர்டூ அந்த வீட்டுக்குள் போகிறது. ஒரு பால்வெளியின் விடுதலை முழுவதும் பழைய சாமான் பேரம் ஒன்றைத் தொற்றிக்கொண்டிருக்கிறது!

அதற்கு முன்பு வந்த விண்வெளிப் படங்கள் பலவற்றில் கலங்கள் சோப்புப் போட்டுக் கழுவியவைபோலப் பளபளக்கும். லூக்கஸ் அதை வேண்டாம் என்றார். அவருடைய கலங்களில் கரி படிந்திருக்க வேண்டும், கீறல் இருக்க வேண்டும், ஒட்டுப்போட்ட தகடு தெரிய வேண்டும். கடையில் விற்கும் பீரங்கி, போர்க்கப்பல் பொம்மைப் பெட்டிகளை வாங்கி, அவற்றின் துண்டுகளைப் பிய்த்து ஒட்டியே மாதிரி செய்பவர்கள் விண்கலங்களை உருவாக்கினார்கள். லூக்குக்குக் கிடைக்கும் ஒளிவாளின் பிடி, பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃப்ளாஷ் கைப்பிடி. வாளின் ரீங்காரத்தை ஒலிக்கலைஞர் பென் பர்ட் ஒரு பழைய புரொஜெக்டர் மோட்டாரிலிருந்தும் தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சலிலிருந்தும் எடுத்தார். காயலான் கடையிலிருந்து கட்டி எழுப்பிய பேரண்டம் அது.

படம் உருவான இந்தக் கதையைப் படித்தபோது சுங்கை ரோட்டுச் சந்தைதான் கண்முன் வந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து ஐந்து நிமிட நடை. தரையில் பாய் விரித்து, நின்றுபோன கைக்கடிகாரம், ஒற்றைச் செருப்பு, மூடியில்லாத கேமரா, எவருடையதென்று தெரியாத குடும்பப் புகைப்படம் எல்லாவற்றையும் பரப்பியிருப்பார்கள். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் நடந்த அந்தச் சந்தை 2017 ஜூலை 10-ம் தேதி மூடப்பட்டது. அங்கே ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்கும்போது, இதை முன்பு யார் வைத்திருந்தார், ஏன் விட்டுவிட்டார் என்ற கேள்வி தானாக வரும். படத்தில் வரும் மிலேனியம் ஃபால்கன் கலத்தைப் பார்க்கும்போதும் அதே கேள்விதான் எனக்கு வந்தது. பொருளுக்கு ஒரு முன்கதை இருக்கிறது என்று தோன்றிவிட்டால் போதும், அந்த உலகத்தை மனம் நம்பத் தொடங்கிவிடுகிறது.

சொல்லும் அப்படித்தான். அதே 1977 படத்தில் ஓபி-வான் என்ற கிழவரிடம் 'க்ளோன் போர்'களில் சண்டையிட்டீர்களா என்று லூக் கேட்க, அவர் ஆமாம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். என்ன போர், யாருக்கும் யாருக்கும் இடையே என்ற விளக்கம் கிடையாது. அந்த ஒற்றைச் சொல்லை ரசிகர்கள் கால் நூற்றாண்டு மனத்தில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். 2002-ல்தான் அந்தப் போர் திரையில் தொடங்கியது. 2008-ல் அது அனிமேஷன் தொடராக வந்தபோது, அதில் ஒரு பங்கை வரைந்து அசைத்தவர்கள் இங்கே சிங்கப்பூரில் இருந்தார்கள்.

விளக்காமல் விட்ட பெயர்களுக்கு நம் சிராங்கூன் சாலையிலும் குறைவில்லை. தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் பஃபலோ ரோடு இருக்கிறது. சற்றுத் தள்ளி கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். இன்று அங்கே ஓர் எருமையும் இல்லை. ஒருகாலத்தில் அந்த வட்டாரமே மாட்டுத்தொழுவமாக இருந்தது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பதே நேர்ப்பொருள். 1966-ம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மகப்பேற்று மனையில் ஓராண்டில் நடந்த உலகச் சாதனை அது. பழைய தமிழர்கள் வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள், அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களை நினைத்து. மாடு போய்விட்டது, காளவாய் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. எந்தக் கற்பனை எழுத்தாளரும் இதைவிடச் சிறப்பாக ஓர் ஊரைக் கட்டிவிட முடியாது.

புவன விஸ்தா பக்கம் போனால் அந்தப் பழைய சாமான் வண்டியையே பார்க்கலாம். லூக்கஸ் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளைக்காக எழுப்பப்பட்டு 2014-ல் திறக்கப்பட்ட கட்டடத்தின் பெயர் சாண்ட்கிராலர். ஜாவாக்களின் வண்டியைப் போலவே சாய்ந்த உடல். அந்தப் பேரண்டத்தில் அரண்மனைகளுக்குப் பஞ்சமில்லை. பேரரசின் போர்க்கலங்களும் உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவர்களை நினைத்து நான் மகிழ்ந்திருக்கிறேன். 2023 ஆகஸ்டில் அந்தக் கிளை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோரின் வேலை அது. அதன்பின் ஒரு மாலை அங்கே போய் வெளியே கொஞ்சநேரம் நின்றேன். அந்தக் கட்டடமும் இப்போது முன்கதை உள்ள பொருளாகிவிட்டது.

கதைமாந்தர்களில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் நான் ஆர்டூவைத்தான் சொல்வேன். அதற்குப் பேச்சு இல்லை, சீழ்க்கை மட்டுமே. 2005-ல் வந்த படத்தின் முடிவில் த்ரீபிஓவின் நினைவை அழித்துவிடச் சொல்கிறார்கள். ஆர்டூவின் நினைவை யாரும் தொடுவதில்லை. லூக்கின் தந்தை வீழ்ந்த கதையும் அவருடைய பிள்ளைகள் பிரிந்த கதையும் முழுசாகத் தெரிந்த ஒன்று, மணலில் பழைய சாமானாக விற்கப்பட்டு, சொல்லாமல் கூடவே உருண்டுவருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும், கட்டுமான வேலைக்கு வந்த நம் ஊர்த் தம்பிமார்களின் நடுவே நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும். விரைவு ரயில் சுரங்கம் எங்கே வளைகிறது, எந்தக் கட்டடத்தின் அடியில் எவ்வளவு கம்பி கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். நாம் அவர்களிடம் கேட்டதில்லை.

அந்த எண்ணத்தை முழுசாக உணர்த்தியது அதே பேரண்டத்தில் நடக்கும் 'ஆண்டோர்' தொடர். அதன் முதல் பகுதி 2022-ல் வந்தது. ஃபெரிக்ஸ் என்றொரு ஊர், பழைய கலங்களை உடைத்துப் பிழைக்கும் உழைப்பாளிகளின் ஊர். வேலைக் கையுறைகளை ஒரு சுவரில் மாட்டிவைப்பார்கள். நேரத்தை ஒருவர் கோபுரத்தில் ஏறிப் பட்டறைக்கல்லை அடித்து அறிவிப்பார். அங்கே யாராவது இறந்துபோனால், சாம்பலை ஊர் மண்ணோடு குழைத்துச் செங்கல்லாக்கி ஊர்ச் சுவரில் வைத்துவிடுவார்கள். மார்வா என்ற முதியவளின் செங்கல்லை ஏந்திக்கொண்டு ஊரே தெருவில் நடந்துவரும் காட்சியில் நான் அழுதேன். அந்த ஊரின் சுவர் நெடுகிலும் ஆட்கள். எவரும் கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோகவில்லை. இத்தனை ஆண்டுகளாக இந்தப் பேரண்டத்தில் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அன்று புரிந்தது. கதையின் ஓரத்தில் நிற்பவருக்கும் ஒரு வீடு உண்டு, சொந்தப் பெயர் உண்டு என்ற உறுதி. கற்பனையில் ஒரு செங்கல்லுக்கு நான் கொடுத்த அந்த மரியாதையை, தினமும் கடந்துபோகிற சுவர்களுக்குக் கொடுத்திருக்கிறேனா?

1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகள் இங்கே இருந்தார்கள். சிராங்கூன் சாலையில் செங்கல் சுட்டதும், காடு வெட்டிச் சாலை போட்டதும் அவர்கள். 1862-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் அவர்களே. அதன் சுவருக்கு மெட்ராஸ் சுண்ணம் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் நார் ஊறிய நீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றும் நம் ஊர் வேலை அது. தேய்த்தவர்களின் பெயர் பொறித்த கல் எதையும் நான் அங்கே பார்த்ததில்லை.

நகர மண்டப ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் எதிரிலேயே தேவாலயம். அடுத்தமுறை அந்தப் பக்கம் போகும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்த வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.