ஊக்க மருந்தை அனுமதித்தால் என்ன?

ஓட்டப் பந்தயத்தைப் பற்றி மவ்லவிகளுக்கென்ன பேச்சு என்று சகோதரர்கள் சிலர் கேட்கக்கூடும். நீதியும் நிய்யத்தும் நுழைகின்ற இடமாகையால் பேச வேண்டியிருக்கிறது.

1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் நூறு மீட்டரை 9.79 வினாடியில் ஓடினார். மூன்றே நாளில் தங்கப்பதக்கம் பறிபோயிற்று; சிறுநீர்ச் சோதனையில் ஸ்டானசோலால் எனும் மருந்து அகப்பட்டது. பிரான்சு நாட்டுச் சைக்கிள் பந்தயப் பட்டங்கள் ஏழையும் 2012-இல் இழந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், மறு ஆண்டுத் தொலைக்காட்சிப் பேட்டியில், அன்று அது தமக்கு மோசடியாகவே தோன்றவில்லை என்றார். எல்லாரும் உட்கொண்டார்களாம்; ஆகவே களம் சமமாம்!

அப்படியானால் பகிரங்கமாகவே அனுமதித்துவிடலாமே, பொய்யாவது ஒழியுமே என்று வாதிப்போர் இருக்கின்றனர். பொய் ஒழியும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். காப்பியிலுள்ள கஃபீனைக்கூட ஓர் அளவுக்கு மேல் தடுத்திருந்து, 2004-இல் விட்டுவிட்டார்கள். ஆக, எல்லைக்கோடு மனிதர் வரைந்ததுதான்.

ஆனால் அனுமதி அனுமதியாகவே நிற்குமா? பத்துப் பேரில் ஒன்பது பேர் மருந்துண்டால், வேண்டாமென்ற பத்தாமவன் பிழைப்பை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவனிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? 1967 ஜூலை 13 அன்று, மோன் வான்டூ மலை ஏற்றத்தில், கடும் வெயிலில், ஆங்கிலேய வீரர் டாம் சிம்ப்சன் சைக்கிளிலிருந்து சாய்ந்து மாண்டார். வயது 29. அவர் உண்டிருந்த ஆம்ஃபெட்டமின் களைப்பை மறைக்கும் மருந்து. நில் என்று உடல் சொல்வது காதில் விழாதபடி செய்துவிடும். அவரை எந்த அரசும் வற்புறுத்தவில்லை, போட்டியே வற்புறுத்திற்று.

மருத்துவர் மேற்பார்வை இருந்தால் ஆபத்தில்லை என்பார்கள். கிழக்கு ஜெர்மனியில் மேற்பார்வைக்கு என்ன குறை? 1974 முதல் அரசே திட்டமிட்டு நடத்திற்று. பள்ளிப் பருவத்துச் சிறுமிகளுக்கு நீல நிற மாத்திரையை வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். குரல் தடித்தது, ரோமம் முளைத்தது, பலருக்குப் பின்னாளில் தீராத நோய்கள். பெற்றோர் நம்பி ஒப்படைத்த அமானிதம் அல்லவா அப்பிள்ளைகள்! 2000-ஆம் ஆண்டு பெர்லின் நீதிமன்றத்தில் விளையாட்டுத் தலைவர் மான்ஃபிரெட் எவால்டுக்கு 22 மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதையும் நிறுத்தி வைத்தார்கள். அவருடன் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்ற மற்றொருவர் மான்ஃபிரெட் ஹோப்னர். அவர் ஒரு மருத்துவர்.