பார்க்கப்படும் பருவம்

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். முகூர்த்த நாட்களில் ஏதாவதொரு மண்டபத்து வாசலில் பூப்புச் சடங்கு ஃபிளெக்ஸ் ஒன்று நிற்கும். பட்டும் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமுமாக ஒரு சிறுமி. அவளைச் சுற்றி வட்டங்களுக்குள் தாய்மாமன்கள். ஒரு மூலையில் நடிகர், மறு மூலையில் கட்சித் தலைவர். பின்னால் அருவி கொட்டும், மயில் தோகை விரிக்கும், சில சமயம் அரண்மனையும் இருக்கும். சிறுமிப் பருவத்தையும் சினிமாவையும் பொருளாகக் கொண்டு ஓவியர்கள் நகரத்துக் காட்சிக்கூடங்களில் படங்கள் மாட்டுகிறார்கள். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலோ அந்தக் கண்காட்சி வெயிலிலேயே நடக்கிறது. ஓவியரின் கையெழுத்துக்குப் பதில் அச்சகத்தின் கைபேசி எண் இருக்கும், அவ்வளவுதான்.

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது எளிது. படித்த நம்மில் பலர் அப்படித்தான் போகிறோம். விடியுமுன் ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் ஒரு தாய், தன் மகளை ஒரு நாளாவது ஊர் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று ஆசைப்படுவதில் என்ன பிழை? அந்தப் பெருமிதத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. உறுத்துவது வேறொன்று. அந்த நாளுக்கு முன்பும் அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. அதில் எந்த நாளையும் நாம் சுவரளவு பெரிதாக்கிப் பார்த்ததில்லை. முடிகிற நாளில்தான் அந்தப் பருவம் நம் கண்ணில் படுகிறது.

கிராமத்துப் பெண்பிள்ளை என்றதும் தமிழர் மனத்தில் எழும் முகத்தை வார்த்ததும் இந்த மண்ணின் மக்களே. அல்லிநகரத்துப் பாரதிராஜா இயக்கி, பண்ணைப்புரத்து இளையராஜா இசையமைத்து, 1977 செப்டம்பரில் வெளிவந்த '16 வயதினிலே' படத்தின் மயில்தான் அந்த முகம். படம் பிடித்ததென்னவோ கர்நாடகத்துக் கொள்ளேகாலில். மயிலாக நின்ற ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்டில். படம் திரைக்கு வந்தபோது அவருக்கு 14 வயது. பதினாறின் கனவை, பதினாறை இன்னும் எட்டாத ஒரு பிள்ளை நமக்கு நடித்துக் காட்டியது. அதற்கும் முன்பே, ஆறு வயது நிரம்பாத நிலையில், 1969-இல் வந்த 'துணைவன்' படத்தில் அவர் முருகனாக நின்றிருந்தார். அவருடைய சொந்த ஊர் சிவகாசியை அடுத்த மீனம்பட்டி. நம் வீட்டுச் சுவர்களுக்குத் தெய்வங்களை அச்சிட்டு அனுப்பும் சீமை அது. எத்தனையோ பேருடைய சிறுமிப் பருவத்துக்கு முகம் கொடுத்தவருக்குத் தம்முடைய பருவம் கேமரா முன்னாலேயே கழிந்தது.

மயில் கதையில் பத்தாம் வகுப்புத் தேறியவள். ஆசிரியை ஆக வேண்டும் என்று நினைத்தவள். படம் அதை மறைக்கவில்லை. மறந்தது நாம். அரை நூற்றாண்டாகத் தாவணியையும் பூவையும் பாட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவள் என்னவாக விரும்பினாள் என்பதைத் தொலைத்துவிட்டோம்.

தூரிகை பிடித்தவர்கள் இந்த இடத்தில் என்ன செய்தார்கள்? அம்ரிதா ஷெர்கில் தம் 22-ஆம் வயதில், 1935-இல் வரைந்த 'மூன்று பெண்கள்' ஓவியத்தில் மூன்று பேரும் நம்மைப் பார்ப்பதில்லை, ஒருவரையொருவரும் பார்ப்பதில்லை. எதற்காகவோ காத்திருக்கிறார்கள், எதற்கென்று ஓவியர் சொல்லவில்லை. 1937-இல் பம்பாய்க் கலைக் கழகத்தின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. நம் காலத்தில், கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வந்து, 2021 ஜூனில் கொரோனாவுக்கு இரையான ஓவியர் இளையராஜாவை நினைத்துக்கொள்ளலாம். (பண்ணைப்புரத்தாருக்கும் இவருக்கும் பெயர் மட்டுமே ஒன்று.) சிவப்புத் தோலே அழகு என்று களிம்பு விற்ற விளம்பரங்களுக்கு நடுவே, கறுத்த பிள்ளையைக் கறுத்தவளாகவே சன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து வரைந்தவர் அவர். சில படங்களில் அந்த வெளிச்சத்தின் அழகு மிகுந்துபோய் அடுப்படியின் புகையை நாம் மறக்கும்படி ஆகிவிடுகிறது என்பது என் எண்ணம். ஆனாலும் அவருடைய சிறுமிகள் தங்கள் நினைவில் தாங்கள் இருக்கிறார்கள். நாம் வந்து நிற்பதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை.

சினிமாப் பாட்டு சிறுமிக்குப் பகையன்று. வீட்டில் யாருமில்லாத மதியத்தில் துண்டைச் சடையாக்கிக்கொண்டு கண்ணாடி முன் ஆடுகிறவள் நடிகையின் முகத்தை இரவல் வாங்கி விளையாடுகிறாள். போதும் என்று தோன்றியதும் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறாள். அதே முகத்தை நாம் அவள்மேல் ஏற்றி, தலையைச் சாய், சிரி, கன்னத்தில் கை வை என்று சொல்லும்போது விளையாட்டு நின்றுவிடுகிறது. காண்பானையும் காணப்படும் பொருளையும் நம் தத்துவ மரபு பிரித்தே பேசும். குழந்தை முழுக்க முழுக்கக் காண்கிற உயிர். திராட்சைப் பந்தலின் நிழலையும், வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் வந்து சேரும் நாளையும் தன் கண்ணால் அறிந்து அதிலேயே நிறைந்திருந்த அவ்வுயிர், பிறர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்பதையே பொழுதெல்லாம் காவல் காக்கும் உயிராக என்று மாறுகிறதோ, அன்று வயது ஒன்பதானாலும் பதினாறானாலும், உடல் தன் கணக்கில் எங்கே இருந்தாலும், அந்தப் பருவம் முடிந்துபோகிறது. ஒருவரை மெய்யாகப் பார்ப்பதென்பது, அவர் நம் பார்வைக்காகப் பிறந்தவரல்லர் என்று ஒப்புக்கொண்ட பிறகும் நம்மிடம் மிஞ்சி நிற்கும் பார்வைதான். ஓவியரின் பணிவும், பெற்றவர்களின் அன்பும், ஒரு சமூகம் தன் பெண்மக்களுக்குத் தரும் மதிப்பும் அந்த ஒப்புதலிலேயே வேர்கொள்கின்றன, அது இல்லாத இடத்தில் போற்றுதலும்கூட ஒருவகைப் பறிப்பாகிவிடுகிறது.

ஃபிளெக்ஸைக் கிழிக்கச் சொல்லவில்லை. சீர் சுமந்து வரும் தாய்மாமன்களிடம் ஒரு வேண்டுகோள்: அச்சகத்துக்குப் படம் அனுப்புமுன், எந்தப் படம் வைக்கலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். சைக்கிள் ஓட்டும் படத்தை அவள் எடுத்துக் கொடுத்தால் அதையே வையுங்கள். எதுவுமே வேண்டாம் என்றால் அச்சடிக்காமல் விட்டுவிடுங்கள்.