பறை ஓய்ந்த இடம்

தம்புள்ளைக் குகைக் கோயிலின் சுவரிலே, துட்டகைமுனுவும் எல்லாளனும் யானைமீதமர்ந்து பொருதும் காட்சி ஒன்றுண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து நாம் அழைத்துச் சென்ற மாணவருள் ஒருவன் அதன்முன் நின்று, "சேர், இதிலை எங்கட ராசா ஆர்?" என்று கேட்டான். நாமும் தயங்காது விரல் நீட்டிக் காட்டினோம். காட்டியது சரிதானா என்னும் ஐயம் பின்னரே எழுந்தது.

கண்டிப் பாணி ஓவியத்திலே நிழலில்லை, தொலைவு என்பதுமில்லை. முகங்களிற் சினமும் நோவும் பெரிதாக எழுதப்படுவதில்லை. வெற்றிடங்களைப் பூக்கள் நிரப்பும். கொலைக்களத்தையும் கோயிற் பெரகராவையும் அப்பாணி ஒரே அமைதியோடு நோக்குகின்றது. அங்கு இன்று காணும் ஓவியங்களிற் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டிலே கீர்த்திசிறீ இராசசிங்கன் ஆட்சியிற் புதுப்பிக்கப்பட்டவை. அவனோ மதுரை நாயக்கர் வழிவந்தவன்! "எங்கட ராசா" என்ற வினாவுக்கு அவ்வரசன் எவ்விடத்தில் விரலை நீட்டியிருப்பான்?

அமைதியான அந்தச் சுவர் சொல்லாதவற்றை மகாவம்சம் சொல்கின்றது. மாண்டோர் குருதியாற் குளத்து நீர் சிவந்தது என்கின்றது. வென்ற மன்னன் உயிர்க்கொலையை எண்ணி வருந்தியபோது, அவனைத் தேற்ற வந்த துறவிகள், கொல்லப்பட்டோருள் மனிதராகக் கொள்ளத்தக்கவர் ஒன்றரைப் பேரே என்றனராம். இத்துணைக் கொடிய கணக்கை நாம் வேறெங்கும் படித்ததில்லை. ஆயினும், 44 ஆண்டுகள் பகைவர்க்கும் நண்பர்க்கும் ஒப்ப நீதி வழங்கியவன் என்று எல்லாளனைப் போற்றுவதும் அதே நூல்தான். வீழ்ந்தவனுக்குத் துட்டகைமுனு ஈமக்கடன் செய்வித்து நினைவுச்சின்னம் எழுப்பினான். அவ்விடத்தை அணுகும் அரசர் தம் வாத்தியங்களை நிறுத்தினர் என்றும் அந்நூல் கூறும்.

பிற்காலத்தார் கையிலெடுத்தது ஈட்டியை. ஓய்ந்த பறையை அன்று. 2007 அக்டோபரில் அநுராதபுர விமானப்படைத் தளத்தின்மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலுக்கு எல்லாளன் பெயர் சூட்டப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, கொழும்புத் தெருக்களிலே வெடி கொளுத்திப் பாற்சோறு வழங்கினர். ஆட்சித் தலைவரைத் துட்டகைமுனுவோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தனர். வெள்ளவத்தையிற் கதவடைத்து, வன்னியிலுள்ள உறவினர் உயிரோடிருக்கின்றனரோ என்று ஏங்கியிருந்த தாய்மார் செவியிலும் அவ்வோசை விழுந்தது. அன்று பறையை நிறுத்தச் சொல்ல ஒரு துட்டகைமுனு இல்லை. (நாமும் தூயவரல்லேம். ஆயிரம் யானைகளைக் கொன்றவனுக்குப் பரணி என்று இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. பேய்கள் கூழடும் களத்தை வகுப்பறையிலே சுவைபடக் கற்பிப்போரும் நாமே.)

பெயர் பெற்ற இருவர் யானைமீதிருக்கும் படத்தின் முன் நிற்பவன் இருவருள் ஒருவனைத் தேர்ந்தேயாக வேண்டும் என்று எண்ணிவிடுகிறான். அன்று நாமும் அவ்வாறே எண்ணினோம். திரும்பும் வழியிற் பேருந்திலே இன்னொரு மாணவன் கேட்டதற்கு நம்மிடம் விடையிருக்கவில்லை.

"சேர், யானையில்லாமல் நடந்து போய்ச் செத்த ஆக்களுக்குப் பேரில்லையோ?"