நம் ஆள் தப்புச் செய்தால்

 

மதீனாவில் நடந்த ஒரு திருட்டு வழக்கைப் பற்றி இன்று பேச வேண்டும். கதாதா இப்னு நுஃமான் என்ற நபித்தோழரின் வீட்டில் ஓர் இரும்புக் கவசம் களவு போனது. எடுத்தவன் துஃமா இப்னு உபைரிக். வெளியூர்க்காரன் இல்லை, மதீனாவாசிகளான அன்சாரிகளில் ஒரு கிளையைச் சேர்ந்தவன், முஸ்லிம்களோடு முஸ்லிமாக நடமாடியவன். கவசம் ஒரு மாவு மூட்டைக்குள் இருந்தது. மூட்டையில் ஓட்டை. அவன் இருட்டில் தூக்கிக்கொண்டு போன வழியெல்லாம் மாவு சிந்திக்கொண்டே போயிருக்கிறது. மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும், கவசத்தை ஸைத் இப்னு சமீன் என்ற யூதரிடம் கொடுத்து வைத்துவிட்டான். தேடிப் போனவர்கள் பொருளை அந்த யூதரின் வீட்டில்தான் கண்டெடுத்தார்கள். துஃமா என்னிடம் கொடுத்து வைத்தது என்று அவர் சொன்னார். துஃமாவோ, நான் எடுக்கவே இல்லை என்று சத்தியம் செய்தான்.

திருக்குர்ஆன் விரிவுரை நூல்களில் பெயர்களும் விவரங்களும் கொஞ்சம் மாறி மாறி வரும். பரவலாகச் சொல்லப்படும் விவரம் இது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். துஃமாவின் உறவினர்கள் கூடிப் பேசினார்கள். அவன்தான் திருடன் என்று அவர்களில் பலருக்குத் தெரியும். ஆனாலும் கூட்டமாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் போய், எங்கள் ஆளுக்காக நீங்கள் வாதாட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்துக்கே அவமானம் என்று மன்றாடினார்கள். பொருள் கிடைத்த இடமும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. யூதக் குலங்களோடு உறவு கசந்திருந்த காலம் வேறு. ஆதரவு தந்து அடைக்கலம் கொடுத்த அன்சாரிகளைப் பகைத்துக்கொள்வது, இன்றைய மொழியில் சொன்னால், சொந்த ஓட்டு வங்கியைப் பகைத்துக்கொள்வதுதான். எந்த ஆட்சியாளரும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு யூதரைத் தண்டித்துவிட்டுப் போயிருப்பார். ஊரில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்போது அருளப்பட்டவைதான் நான்காவது அத்தியாயமான அந்நிஸாவின் 105ஆவது வசனம் தொடங்கி வரும் வசனங்கள் என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். மோசடி செய்தவர்களுக்காக வாதாடுபவராக ஆகிவிடாதீர் என்று இறைவன் தன் தூதருக்கே சொல்கிறான். தான் செய்த பாவத்தை ஒரு நிரபராதியின் தலையில் போடுகிறவன் அவதூறையும் சேர்த்தே சுமக்கிறான் என்று எச்சரிக்கிறான். யூதர் விடுவிக்கப்பட்டார். துஃமா மதீனாவை விட்டே ஓடிப்போனான். குற்றம் சாட்டப்பட்ட, ஊரில் ஆதரவில்லாத ஒரு பிற மதத்தவருக்காக வேதத்தில் வசனங்கள் இறங்கி, இன்றும் உலகமெங்கும் தொழுகையில் ஓதப்பட்டு வருகின்றன. இதைவிடப் பெரிய ஆட்சிப் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே அத்தியாயத்தின் 135ஆவது வசனம் இன்னும் நெருக்கிக் கேட்கிறது. உங்களுக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும், நீதியில் உறுதியாக நில்லுங்கள் என்பது அதன் கருத்து. எதிரில் நிற்பவர் பணக்காரரா ஏழையா என்றும் பார்க்கக் கூடாது. ஏழை என்று இரக்கப்பட்டுப் பொய்ச் சாட்சி சொல்வதற்கும் அங்கே இடமில்லை. ஐந்தாவது அத்தியாயத்தின் எட்டாவது வசனம், ஒரு கூட்டத்தார் மீது உங்களுக்கு இருக்கும் வெறுப்பு உங்களை அநீதி செய்யத் தூண்டிவிட வேண்டாம் என்கிறது. வெறுப்பே வராது என்று அது சொல்லவில்லை. மனிதருக்கு வெறுப்பு வரும் என்று தெரிந்தே, அது தராசைத் தொடக் கூடாது என்கிறது.

இந்த வசனங்களை மேடையில் ஓதுவது எளிது. நம் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில், வக்ஃபு கடை வாடகையை வருஷக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவர் தலைவரின் மச்சானாக இருக்கும்போது நினைவுபடுத்துவதுதான் கஷ்டம். அங்கே நினைவுபடுத்தாமல், நாட்டை ஆள்பவர்களுக்கு மட்டும் நாம் பாடம் சொல்ல முடியாது.

பதவியை அமானிதம் என்கிறது இஸ்லாம். அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருள். 630ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி உஸ்மான் இப்னு தல்ஹாவின் குடும்பத்தாரிடம் இருந்தது. அந்தப் பொறுப்பை எங்களுக்குத் தாருங்கள் என்று நபிகளாரின் சொந்தக் குடும்பத்தாரே கேட்டார்கள். வென்றவர் கையில் எல்லாமே இருந்த நேரம் அது. நபிகளார் சாவியை உஸ்மானையே கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படையுங்கள், மக்களிடையே தீர்ப்பளித்தால் நீதியாகத் தீர்ப்பளியுங்கள் என்ற வசனத்தோடு இந்த நிகழ்ச்சியை இணைத்துச் சொல்வார்கள். இன்றும் அதே குடும்பத்தின் ஷைபா கிளையினர்தான் சாவியைக் காத்து வருகிறார்கள்.

அரசு அலுவலகங்களில் கைநீட்டுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இப்னுல் லுத்பிய்யாவின் நினைவு வரும். ஸகாத் என்ற கட்டாய தர்மத்தை வசூலிக்க நபிகளாரால் அனுப்பப்பட்டவர். திரும்பி வந்து கணக்கு ஒப்படைக்கும்போது, இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தார். மறைக்கவில்லை பாருங்கள், அது தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை. நபிகளார் பள்ளிவாசல் மேடையான மிம்பரில் ஏறி எல்லாரும் கேட்கும்படி பேசினார்கள். இவர் தன் தாய் தந்தை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். அப்படி எடுத்தது ஒட்டகமோ மாடோ ஆடோ, மறுமை நாளில் அது கத்திக் கதற, கழுத்தில் சுமந்துகொண்டு வர வேண்டியிருக்கும் என்றும் எச்சரித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்பிலும் இந்த ஹதீஸ் இருக்கிறது. தீபாவளிப் பெட்டியோ பெருநாள் பரிசோ, நாற்காலியைத் தேடி வந்ததா ஆளைத் தேடி வந்ததா என்று கண்டுபிடிக்க அந்த ஒரு கேள்வி போதும். பின்னால் இரண்டாவது கலீஃபாவான உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே சொத்துக் கணக்கை எழுதி வாங்கிக்கொண்டதும் இதன் தொடர்ச்சிதான்.

கலந்தாலோசனை பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 625இல் உஹுதுப் போருக்கு முன்னால், ஊருக்குள் இருந்தே எதிரியைச் சமாளிக்கலாம் என்பதுதான் நபிகளாரின் எண்ணம். வெளியே போய்ப் போரிடுவோம் என்று பலர், முக்கியமாக இளைஞர்கள், வற்புறுத்தினார்கள். நபிகளார் அவர்கள் கருத்துக்கு இணங்கினார்கள். குன்றில் காவலுக்கு நிறுத்திய வில்வீரர்களில் பெரும்பாலோர் சொல்லை மீறி இறங்கிவர, ஏறக்குறைய 70 தோழர்கள் உயிரிழந்தார்கள். நபிகளாரின் சிறிய தந்தை ஹம்ஸாவும் அவர்களில் ஒருவர். இனிமேல் யாரையும் கேட்கப் போவதில்லை என்று எந்தத் தலைவரும் முடிவெடுக்கக்கூடிய நேரம். அந்தத் தோல்விக்குப் பிறகு வந்த வசனமோ, அவர்களை மன்னித்துவிடுங்கள், அவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடுங்கள், காரியங்களில் அவர்களோடு ஆலோசியுங்கள் என்கிறது. ஆலோசனை சரியான முடிவைத் தரும் என்று உத்தரவாதம் எதுவும் தரவில்லை. தவறிப்போன பிறகும் மக்களைக் கேட்டாக வேண்டும் என்கிறது. ஒரு தேர்தல் முடிவு பிடிக்காமல் போனதும் மக்களுக்கு எதுவும் தெரியாது என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

நபிகளாருக்குப் பின் முதல் கலீஃபாவாக 632இல் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்கள், நான் சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள் என்று முதல் நாளே மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். துணி வியாபாரி அவர். பதவிக்கு வந்த பிறகும் துணி மூட்டையோடு சந்தைக்குக் கிளம்பியவரைத் தோழர்கள் தடுத்து, குடும்பச் செலவுக்குப் பொதுக் கருவூலமான பைத்துல்மாலிலிருந்து ஒரு தொகை ஒதுக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் மரணப் படுக்கை. அப்போது, ஆட்சிக்கு வந்த பிறகு தன்னிடம் சேர்ந்தது என்னென்ன என்று பார்த்து, அதையெல்லாம் அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைத்துவிடச் சொன்னார்கள். தேறியது ஓர் ஒட்டகமும் இன்னும் சிலவும்தான். அவை வந்து சேர்ந்தபோது உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அபூபக்ர் பெரும் சிரமத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று சொன்னார்கள்.