மச்சான் பிடித்த கயிறு

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிக்கிறவன், தன் கயிற்றை மனைவியின் சகோதரன் கையில்தான் கொடுப்பான் என்று சொல்லுவார்கள். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? 1961-க்குப் பிறகு அங்கே முத்துச் சலாபம் நடக்கவில்லை; இந்தப் பேச்சு மட்டும் ஓயவில்லை. கேட்டு உருகியவர்களில் நானும் ஒருவன்.

பிறகுதான் உறுத்தியது. அங்கே பிணையாக வைக்கப்பட்டது எது? அந்தப் பெண்ணின் தாலி. ஆனால் படகில் அவளுக்கு இடமில்லை!

பிணையாக இருப்பது வேறு, பங்காளியாக இருப்பது வேறு. தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டினார்களே டேனிஷ்காரர்கள், அவர்கள் தேசத்துப் பெண்கள் கேட்டது பங்கைத்தான். 1915-இல் வாக்குரிமை வந்தது. 1924-இல் நீனா பாங் மந்திரியானார். அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. சம கூலிக்குச் சட்டம் வர 1976 ஆயிற்று.

நம் பாம்பன் பக்கத்தில் பெண்களே கடலில் மூழ்குகிறார்கள், பாசி எடுக்க. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் புருஷனின் சட்டையை மாட்டிக்கொண்டு பாறைகளுக்கிடையே இறங்குகிறார்கள். கயிறு பிடிக்க அண்ணனும் இல்லை, புருஷனும் இல்லை. மூச்சு முட்டினால் தானே மேலே வரவேண்டியதுதான்.